நாலு மெஷினும் பச்சை

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ரிட்டர்ன் அக்கா என்று பெயர். மற்றவர்கள் எழுதும் நிரலைச் சோதித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருப்பி அனுப்புவது அவள் வேலை. பத்து வந்தால் எட்டைத் திருப்பிவிடுவாள். முகத்துக்கு நேரே எல்லாரும் வெறும் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ரிட்டர்ன் வந்து ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம் ஒரே ஒரு மென்பொருள்தான்: ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கானது. யாராவது அவசரத்துக்குக் கூப்பிட்டால் அவர்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, எந்த வண்டி போகணும், எந்த வழியாகப் போகணும் என்று அது சொல்லும். ஊரின் மறுபக்கத்தில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் நான்கு மெஷின்களில் அது இரவு பகலாக ஓடியது.

அந்த அறையில் ஃபோன் எடுத்துப் பேசும் எட்டுப் பேரில் ஒருத்தி அவள் நாத்தனார், கணவனின் தங்கை. ஒரே வீட்டில்தான் இருந்தாள். ஆகையால் மென்பொருளில் என்ன கோளாறு வந்தாலும் புகார் கடிதம் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் முன்னால் அடுக்களைக்கு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததையும் குடிக்கவில்லை. என்ன என்று கேட்டதற்குச் சொன்னாள். பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போன வண்டியைக் கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு அனுப்பிவிட்டது. அந்த வாசலை அடைத்துச் சுவர் எழுப்பி இரண்டு மாதமாகிறது. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போக ஒன்பது நிமிடம். அதற்குள் வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம்தான்.

"அந்த ஒன்பது நிமிஷமும் புருஷன்காரர் வண்டியிலேருந்து ஃபோன் பண்ணி என் காதுல அழுதுட்டே இருந்தாரு அண்ணி," என்றாள் நாத்தனார். "வாசல் மாறினதைச் சனிக்கிழமை சரி பண்ணிடுவோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது உண்மை. சனிக்கிழமை சரி செய்ததும் உண்மை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. புதிய வரைபடம் மூன்று மெஷின்களுக்குப் போயிருந்தது. நாலாவதில் பழையதே கிடந்தது.

புதிய பதிப்பை மெஷின்களில் ஏற்றுவது ஒரே ஒரு மனிதரின் வேலை. ஐம்பது வயதுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால், நான்கு மெஷினையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, கோப்புகளைக் கையால் நகலெடுத்து, அமைப்புகளை மாற்றி, திரும்ப ஓடவிட்டு முடிக்க மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். ஆறு வருடமாகச் செய்கிறார். அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தில் அறுபத்தோரு படிகளை வரிசையாக எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் டிக் போடுவார். அவரைச் சனிக்கிழமைக்காரர் என்று கூப்பிட்டார்கள். அவசரத்தில் அதைச் சுருக்கி, "சனி வந்தாச்சா?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

அன்று கூட்டத்தில் அவர் அந்த நோட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாலாவது மெஷின், நாற்பத்து நாலாம் படி, வரைபடக் கோப்பை நகலெடுப்பது. டிக் இருந்தது.

"டிக் போட்டிருக்கேன்," என்றார். "செஞ்சேனான்னு எனக்கே தெரியலை."

அலுவலகத்தை நடத்திய அம்மாளை எல்லாரும் மேடம் என்றே சொல்வார்கள். கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த கடிதம் அவர் முன்னால் மேசையில் இருந்தது. எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார். இனிமேல் வேறு ஆளைப் போடப் போவதாகவும் சொன்னார். சனிக்கிழமைக்காரர் தலையை ஆட்டினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பார்க்கவும் யாருக்கும் கண் வரவில்லை.

ரிட்டர்ன் அக்காவுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. சனிக்கிழமை ஏற்றி முடித்த பிறகு அவளும்தான் சோதித்தாள். முதல் மெஷினைப் பார்த்துவிட்டு, மற்றதும் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அதை எழுந்து நின்று சொன்னாள். விளக்கம் கேட்டால் தன்னிடமும் கேட்க வேண்டும் என்றாள்.

"அறுபத்தோரு படி, நாலு மெஷின். கிட்டத்தட்ட இருநூத்தம்பது தடவை கை போகணும் மேடம். ஆறு வருஷத்துல ஒரு தடவைதான் தப்பியிருக்கு. வேற ஆளைப் போட்டா அவங்களுக்கு ஆறு மாசத்துல தப்பும்."

"சரி, அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார் மேடம்.

அவள் இரண்டு வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொன்னாள். தானியங்கி சர்வர் ஒன்று வைக்க வேண்டும். யார் ஒரு வரி மாற்றினாலும் அது உடனே எடுத்துக்கொள்ளும். எல்லாருடைய நிரலோடும் சேர்த்து ஒரே மென்பொருளாகக் கட்டும். எல்லாச் சோதனைகளையும் தானே ஓட்டும். ஒன்று தவறினாலும் சிவப்புக் காட்டி அங்கேயே நின்றுவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை காட்டி, அலுவலகத்திலேயே இருக்கும் ஒத்திகை மெஷின்களில் ஏற்றிப் பார்த்து, அதன் பிறகு நான்கு நிஜ மெஷின்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றும். ஏற்றியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று நாலிலும் அதுவே பார்க்கும். இல்லையென்றால் பழையதைத் திரும்ப வைத்துவிடும். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உட்கார்ந்து அமைக்க ஆள்தான் வேண்டும். இதை ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டு தடவையும் பதில் வந்தது.

மேடம் கடிதத்தைத் திருப்பிப் போட்டார். "ஆறு வாரம். உங்க வழக்கமான வேலை கெடக் கூடாது. புது மெஷின் கேட்காதீங்க. அதுவரைக்கும் சாரே ஏத்தட்டும், பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து சரிபார்க்கணும்."

பழைய சாமான் அறையில் பக்கவாட்டு மூடி இல்லாத கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. தூசி தட்டி, தன் மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டாள். அதன் விசிறி ஓடும் சத்தம் அரவை மில் மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரி இரண்டு நாளில் இடம் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கும் பொறுப்பையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் செய்வதைப் பார்க்காமல் அதை மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாதல்லவா. முதல் சனிக்கிழமை அவர் முகம் கொடுத்தே பேசவில்லை. கேட்டதற்கு ஆமாம், இல்லை. அவள் தன் நாற்காலியைப் பிடுங்க வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்ததில் தப்பும் இல்லை.

ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கு மலைப்பாக இருந்தது. நோட்டில் அறுபத்தோரு படி. அவர் கை செய்ததை அவள் எண்ணினால் எழுபத்து நாலு. பதின்மூன்று விஷயங்களைத் தான் செய்கிறோம் என்பதே தெரியாமல் அவர் செய்துகொண்டிருந்தார். ஒரு கோப்பைத் திறந்து கடைசி வரியை மட்டும் பார்ப்பார். எதற்கு என்றால், "பார்த்துக்கறது நல்லதுதானே," என்பார். முப்பத்தெட்டாம் படி முடிந்ததும் எழுந்துபோய் டீ போட்டு எடுத்துவந்து, நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் முப்பத்தொன்பதைத் தொடுவார்.

"டீ குடிக்காமச் செஞ்சா என்ன ஆகும் சார்?" என்று கேட்டாள்.

"ஓடாது," என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். இல்லை. இரண்டு தடவை டீ இல்லாமல் செய்து பார்த்திருக்கிறார், இரண்டு தடவையும் மெஷின் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து டீயை விடுவதில்லை.

அவள் இரண்டு நாள் குடைந்து காரணத்தைக் கண்டுபிடித்தாள். முப்பத்தெட்டாம் படியில், பின்னணியில் ஓடும் ஒரு சேவையை நிறுத்துகிறார். திரையில் நின்றுவிட்டதாகக் காட்டினாலும், பழைய இணைப்புகள் முழுசாக அறுந்துபோக நாலு நிமிடம் ஆகிறது. அவர் டீ குடிக்க ஆறு நிமிடம். அடுத்த சனிக்கிழமை அதைச் சொன்னபோது அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஆறு வருடம் காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறோம் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இணைப்பு அறுந்ததா என்று சர்வரே பார்த்துக் காத்திருக்கும்படி அவள் எழுதினாள். அந்தக் கட்டத்துக்கு 'டீ' என்றே பெயரும் வைத்தாள். அன்றைக்குத்தான் அவர் கேட்டார்.

"இது வந்துட்டா எனக்கு என்னம்மா வேலை?"

ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை. "தெரியலை சார். ஆனா அன்னிக்கு மாதிரி உங்களை யாரும் நோட்டைக் கையில குடுத்து நிக்க வைக்க மாட்டாங்க. அது மட்டும் தெரியும்."

அவர் நோட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். விட்டுப்போன பதின்மூன்று படிகளையும் அவளே எழுதிக்கொள்ளட்டும் என்றார்.

சர்வர் ஓடத் தொடங்கியதும் அலுவலகம் முழுக்கச் சிவப்பு. பத்தொன்பது நாள் ஒரு நாள்கூடப் பச்சை வரவில்லை. இத்தனை நாளும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, மோதுகிற இடத்தை எல்லாம் கடைசி நேரத்தில் அமுக்கி வைத்தார்கள். இப்போது ஒருவர் மாற்றியது இன்னொருவருடையதை உடைத்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். யார் உடைத்தது என்றும் தெரிந்துவிடும். யாருக்குத்தான் பிடிக்கும்? அதிகம் பொங்கியவன் எக்ஸ்பிரஸ். அலுவலகத்திலேயே வேகமாக எழுதுபவன் என்பதால் அந்தப் பெயர். நிற்க வேண்டிய நிலையங்களிலும் நிற்க மாட்டான் என்பது ரிட்டர்ன் அக்காவின் விளக்கம்.

"என் மெஷின்ல ஓடுதே அக்கா," என்று ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து நிற்பான்.

ஒரு நாள் அவள் சலித்துப்போய், "அப்ப ஒண்ணு செய்யலாம். உன் மெஷினையே கழட்டிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிடலாம். நீயும் கூடவே போயிடு," என்றாள். அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே உட்கார்ந்து தன் பகுதியைச் சரி செய்தான். அப்போதுதான் தெரிந்தது, அவன் மெஷினில் மட்டும் இருந்த ஒரு கோப்பை அவன் யாருக்குமே கொடுத்திருக்கவில்லை.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுவது, பச்சை. சோதனைகள் எழுநூற்றுப் பன்னிரண்டு, பச்சை. ஒத்திகை மெஷின் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாம் பச்சை. சாப்பாடு ஆறிப்போனதே தெரியவில்லை. யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினால் அறையில் ஒருவரும் இல்லை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தனியாகவே சிரித்துக்கொண்டாள்.

அடுத்த சில நாட்களில் ஒத்திகை மெஷின்களில் நாற்பது தடவைக்கு மேல் ஏற்றிப் பார்த்தாள். மேடத்துக்குத் திருப்திதான். இருந்தாலும் நிஜ மெஷின்கள் என்றதும் யோசித்தார். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமை அவள் நன்றாக அறிவாள்.

ஆறாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஆற்றில் தண்ணீர் ஏறி, பெரிய பாலத்தைப் போலீஸ் மூடியது.

ஐந்து நிமிடத்தில் மேடத்தின் ஃபோன் அடித்தது. கட்டுப்பாட்டு அறைத் தலைவர். பாலத்தை மூடியது மென்பொருளுக்குத் தெரியவில்லை, எல்லா வண்டியையும் அது பாலத்துக்கே அனுப்புகிறது என்றார். கிட்ட வழி அதுதானே. ஃபோன் எடுப்பவர்கள் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து வாயாலேயே டிரைவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடத்தில் முடிகிற அழைப்பு ஆறு நிமிடம் இழுக்கிறது. முப்பத்தோரு பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். நாத்தனார் இப்போது தொண்டை கட்ட வழி சொல்லிக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

எக்ஸ்பிரஸ் கேட்டவுடனேயே எழுத ஆரம்பித்துவிட்டான். மூடிய சாலைகளுக்கு ஒரு பட்டியல். வழி தேடும்போது அந்தச் சாலைகளை விட்டுவிட வேண்டும். சின்ன மாற்றம்தான். இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையைத் தூக்கினான். அவன் பெயர் அன்றைக்குத்தான் உண்மையிலேயே பொருந்தியது.

இனி ஏற்ற வேண்டும். கையால் செய்தால் ஐந்து மணி நேரம். அதுவும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தணும். முப்பத்தோரு பேர் காத்திருக்கும்போது எதை நிறுத்துவது? எல்லாரும் மேடத்தைப் பார்த்தார்கள். மேடம் அவள் மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"நிஜ மெஷின்ல இதுவரைக்கும் ஓட்டினதே இல்லையே," என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன் பின்னாலிருந்து சனிக்கிழமைக்காரர் பேசினார். அவ்வளவு பேர் நடுவில் அவர் குரல் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் இன்னிக்குக் கையால செய்ய மாட்டேன் மேடம். பயமா இருக்கு. அவசரத்துல என் கை எங்கயாவது தப்பும். அது செய்யட்டும். நான் செய்யறது அத்தனையும் அதுக்குத் தெரியும், நாற்பது தடவை கூடவே இருந்து பார்த்துட்டேன்."

மேடம் இரண்டு விநாடிதான் யோசித்தார். "போடுங்க."

அவள் பொத்தானை அழுத்தினாள். மற்ற எல்லாரும் அவள் முதுகுக்குப் பின்னால். கட்டுவது, பச்சை. சோதனைகள் ஓடத் தொடங்கின. நூறு, இருநூறு, ஐந்நூறு. பிறகு சிவப்பு. சர்வர் நின்றுவிட்டது.

எழுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்று தவறியிருந்தது. அவளே எழுதிய சோதனை: எந்தத் தெருவிலிருந்து கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு வண்டி கிடைத்தாக வேண்டும். பாலத்தடியில் மூன்று தெருக்கள். எக்ஸ்பிரஸின் மாற்றத்தில் பாலத்தோடு அந்த மூன்று தெருக்களும் மூடியதாகிவிட்டன. அங்கிருந்து யாராவது கூப்பிட்டால் மென்பொருள் வழியில்லை என்றுகூடச் சொல்லாது. வண்டியே அனுப்பாமல் பேசாமல் இருந்துவிடும்.

"ஒரே ஒரு டெஸ்ட் அக்கா," என்றான் எக்ஸ்பிரஸ். அவன் நெற்றி வேர்த்திருந்தது. "இப்ப அதைத் தாண்டி அனுப்பிடலாம். அப்புறமா சரி பண்ணிக்கறேன். மத்த ஊர் பூரா காத்திருக்கு."

அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பலருக்கும் பட்டது. மேடத்தின் பார்வையிலும் அதே கேள்வி. காத்திருப்பவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள் என்று ஃபோனில் சொன்னார்கள். அந்தச் சோதனையைத் தாண்டிவிட ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டும். அவள் கை விசைப்பலகை மேல்தான் இருந்தது. நாத்தனார் முகமும் நினைவுக்கு வந்தது. ஆனால் இந்த மழையில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் புகும்?

"அந்த ஒண்ணுல மூணு தெரு இருக்கு தம்பி," என்றாள். "பாலத்தடியிலதான் இன்னிக்கு ஆள் அதிகமாக் கூப்பிடுவாங்க. திருப்பி அனுப்பியாச்சு. உட்கார்ந்து சரி பண்ணு."

அவன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு ஓடினான். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வரும் வண்டி தெருமுனை வரை போகலாம் என்று மாற்றி எழுதப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவள் அறையில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் அது தன் தலையில்தான் விடியும் என்பது தெரியும்.

மறுபடி பொத்தான். கட்டுவது பச்சை. சோதனைகள் பச்சை. ஒத்திகை பச்சை. இனி நிஜம்.

மேடம் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். சர்வர் முதல் மெஷினை வரிசையிலிருந்து விலக்கியது. அதற்கு வர வேண்டிய அழைப்புகள் மற்ற மூன்றுக்குப் போயின. டீ என்ற கட்டத்தில் வந்து நின்றது. யாரும் டீ குடிக்கவில்லை, மூச்சுக்கூட விட்டார்களா தெரியாது. இணைப்புகள் அறுந்தன. புதிய பதிப்பு ஏறியது. சரிபார்த்தது. மெஷின் வரிசைக்குத் திரும்பியது. பச்சை.

"ஒண்ணாம் நம்பர் வந்துடுச்சு," என்றது கட்டுப்பாட்டு அறைத் தலைவரின் குரல்.

இரண்டு. மூன்று. சனிக்கிழமைக்காரர் நோட்டை மடியில் விரித்து, சர்வர் ஒவ்வொரு படியாகத் தாண்டுவதைப் பார்த்துப் பழக்கத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். நாலாவது மெஷினில் நாற்பத்து நாலாம் படி வந்தபோது அவர் பேனா நின்றது. திரையில் எழுத்து ஓடியது: கோப்பு நகலானது, ஒப்பிட்டாயிற்று, சரி. அவர் டிக் போட்டார். கொஞ்சம் அழுத்தியே போட்டார்.

இருபது நிமிடத்தில் நாலு மெஷினும் பச்சை. ஒரு அழைப்புகூட அறுந்துபோகவில்லை.

ஃபோனில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு தலைவர் சொன்னார்: "பாலத்தை விட்டுட்டு மேல் ரோடு காட்டுது. வண்டி எல்லாம் மேல் ரோட்டுல திரும்புது." பின்னணியில் யாரோ கை தட்டினார்கள். மூன்றாம் மாடியில் கேட்க வேண்டுமா? ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டார்கள். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மறுபடி துடைத்தார்.

அதோடு முடியவில்லை. இன்னும் இரண்டு சாலைகளை மூடினார்கள், பட்டியல் மாறியது. தண்ணீர் ஏறிய தெருக்களைத் தனி நிறத்தில் காட்டச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் காட்டியது. மோட்டார் படகுகளையும் வண்டிக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அதுவும் மாலை ஐந்துக்குள் போய்ச் சேர்ந்தது. மாதத்துக்கு இரண்டு தடவை ஏற்றியவர்கள் அன்று ஒரே பகலில் ஏழு தடவை ஏற்றினார்கள். இடையில் மூன்று தடவை சிவப்பு வந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சிவப்பு வந்ததும் எக்ஸ்பிரஸே எழுந்து, "யாரும் எதையும் தாண்டக் கூடாது," என்று அதட்டினான். ரிட்டர்ன் அக்கா திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் அவளுக்கு முன்பே வந்திருந்தாள். குரலே இல்லை. காற்றுதான் வந்தது. கணவன் இரண்டு பேருக்கும் சாப்பாட்டைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு, பேசாமல் சாப்பிடுங்கள் என்று உட்கார வைத்தான். நாத்தனாரால் பேசாமல் இருக்க முடியுமா?

மத்தியானம் ஒரு மணி இருக்கும், பாலத்தடி இரண்டாவது தெருவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அப்பாவுக்கு மூச்சுத் திணறல், வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நாத்தனார் தெருப் பெயரைத் தட்டியதும் திரையில் ஒரு வண்டி வந்தது, மறுகரையிலிருந்து. தெருமுனையில் நின்றது. இரண்டு பேர் தண்ணீரில் இறங்கிப் போய், பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, பிழைத்துக்கொண்டார்.

"எனக்கு அந்தத் தெருவுக்கெல்லாம் வழியே இருக்காதுன்னுதான் பயம் அண்ணி," என்று காற்றுக் குரலில் சொன்னாள். "தட்டினதும் வந்துடுச்சு."

மூன்று தெருவைப் பற்றியும் ஒற்றைச் சோதனையைப் பற்றியும் சொல்லலாம் என்று அவள் வாயெடுத்தாள். முடியவில்லை. கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இன்றைக்கு ஒருத்தருக்கும் குரல் இல்லையா என்றான்.

மழை விட்டுப் பத்து நாள் கழித்து, கட்டுப்பாட்டு அறையிலிருந்து தலைவரும் ஆறு பேரும் சீருடையோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை; கடிதம் மட்டும்தான் வரும். சர்வரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஏதோ அறை நிறைய விளக்குகள் மினுக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. மேசைக்கு அடியில் குனிந்து, மூடியில்லாத பழைய பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றார் தலைவர். புதிய மெஷினுக்கு மேடம் கையெழுத்துப் போட்டாயிற்று, அடுத்த வாரம் வந்துவிடும் என்று பக்கத்திலிருந்து யாரோ அவசரமாகச் சொன்னார்கள்.

விளக்கம் சொல்ல முன்னால் வந்தவர் சனிக்கிழமைக்காரர். இப்போது சர்வரைக் கவனித்துக்கொள்வது அவர்தான். புதுப் புதுச் சரிபார்ப்புகளை எழுதிச் சேர்க்கிறார், எழுபத்து நாலு இப்போது தொண்ணூறாகியிருக்கிறது. வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், கையை ஆட்டி ஆட்டிக் கால் மணி நேரம் பேசினார். சிவப்பு என்றால் என்ன, பச்சை என்றால் என்ன, டீ என்றால் என்ன. அவள் கதவோரமாக நின்று கேட்டாள். தான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது.

வந்தவர்களில் நாத்தனாரும் இருந்தாள். கடைசியில் கையைத் தூக்கி, "ஒரு சின்ன விஷயம் கேட்கலாமா?" என்றாள். திரையில் தெருப் பெயர்கள் பொடிப் பொடியாக இருக்கின்றன, கண் வலிக்கிறது. இரண்டு வருடமாக எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

அலுவலகத்தில் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எக்ஸ்பிரஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு எண்களை மாற்றினான். பெட்டி உறுமத் தொடங்கியது. ஏழு சீருடைக்காரர்களும் திரைக்கு முன்னால் கூட்டமாக நின்று, கட்டங்கள் ஒன்றொன்றாகப் பச்சையாவதைப் பார்த்தார்கள். மூன்றாவது மெஷின் முடிந்தபோது தலைவர் பொறுக்க முடியாமல் தன் அறைக்கே ஃபோன் போட்டு, எழுத்து பெரிதாகிவிட்டதா என்று கேட்டார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.